யாரைத் தேடுகிறீர்கள்?

காலை 11 மணி 8 நிமிடத்துக்கு அந்த ஆள் அழைப்பு மணியை அழுத்துகிறான். உள்ளிருந்து யாரும் வரவில்லை. மறுபடியும் ஒருமுறை அழுத்திவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறான். தோளில் ஒரு பை, தலையில் தொப்பி, நடையில் எந்த அவசரமும் இல்லை. பிறகு வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சந்துக்குள் போகிறான். 11 மணி 47 நிமிடத்துக்கு அதே சந்திலிருந்து வெளியே வருகிறான். பை மட்டும் கனத்துத் தொங்குகிறது.

எதிர்வீட்டுக் கேமராவில் பதிவான இந்தக் காட்சியை அன்று மாலை தெருவே கூடி நின்று பார்த்தது. எனக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்காவின் வீடு அது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். சமையலறை ஜன்னலை நெம்பித் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறான். அலமாரியில் இருந்ததெல்லாம் தரையில் கிடந்தது. பறிபோன பொருளைவிட, தன் துணிமணிகளை முன்பின் தெரியாத ஒருவன் கிளறிப் போட்டிருந்ததுதான் அக்காவைக் கலங்கடித்தது. அன்றிலிருந்து அழைப்பு மணி ஒலித்தாலே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது வாரம் மணியையே கழற்றிவிட்டார்கள்.

பதிவைப் பார்த்த எல்லோரும் அவன் முகத்தைத்தான் தேடினோம். தொப்பி மறைத்திருந்தது. பிரதி ஒன்றை வாங்கி வந்து அன்றிரவு நான் தனியாக மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. அவன் உள்ளே இருந்த 39 நிமிடமும் தெரு வெறுமையாக இல்லை. கார், வேன், இருசக்கர வண்டி என்று இடைவிடாமல் போய்க்கொண்டே இருந்தன. எண்ணிப் பார்த்தேன்: 41 வண்டிகள். நடந்து போனவர் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேர் அந்த வீட்டைக் கடந்து போயும், அந்தத் தெருவில் யாருமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். வழக்கமாகப் பத்துப் பேர் வந்தாலே பெரிது. அன்று நாற்காலி போதவில்லை. தெருவின் இரண்டு முனையிலும் கேட் போட வேண்டும் என்றார் ஒருவர். எட்டு கேமராக்கள் வாங்க வேண்டும் என்றார் இன்னொருவர். காவல் நிலையத்தில் சொல்லி ரோந்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். கூட்டம் முடியும் நேரத்தில், கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, தெருமுனையில் வண்டிகள் திரும்பும் வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேரனைச் சாலை கடத்திவிட முடியவில்லை என்றார். “அது போக்குவரத்துப் பிரச்சினைம்மா, அதற்குத் தனியாக ஒரு நாள் கூடுவோம். இன்றைக்குத் திருட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்” என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அன்று அப்படித் தலையாட்டியது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். திருட்டும் வண்டி வேகமும் எங்கள் தெருவில் இரண்டு பிரச்சினைகள் இல்லை. வேகம் மனிதர்களை வீட்டுக்குள் துரத்தியது. ஆளில்லாத தெருவுக்குத் திருடன் வந்தான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சாட்சி இருக்கிறார். தெருமுனை வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார்; ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் வீட்டு வாசலில் முழங்கால் உயரக் கட்டைச்சுவர் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக அதுதான் அவர் இருப்பிடம். காலையில் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அங்கேதான் இருப்பார். மாலையில் மறுபடி வருவார். தெருவுக்குள் புதிதாக யார் நுழைந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “யாரைத் தேடுகிறீர்கள்?” அதில் அதட்டல் இருக்காது. முகவரி தெரியாமல் ஒருவர் அலையக் கூடாதே என்ற தபால்காரரின் பழக்கம் அது. எந்த வீட்டில் யார், எந்த நேரத்தில் இருப்பார்கள், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

திருட்டுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, ஒரு மாலையில், வேகமாகத் திரும்பிய வேன் ஒன்று நடைமேடையில் ஏறி அந்தச் சுவரின் மூலையை இடித்தது. அவர் முழங்காலுக்கும் வேனின் பம்பருக்கும் இடையே ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம். இரண்டு செங்கல் பெயர்ந்து விழுந்தன. வேன் நிற்காமல் போய்விட்டது. “இனிமேல் வெளியே உட்காராதீர்கள் மாமா” என்று மருமகள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பெரியவர் உள்ளே போனவர்தான். பெயர்ந்த செங்கல்லை யாரும் திரும்ப வைக்கவில்லை. தொப்பிக்காரன் தெருவுக்குள் நுழைந்த காலையில் அந்தச் சுவரில் ஆள் இல்லை.

ஒரு தெருவில் நடந்ததை வைத்து இப்படி முடிவு கட்டலாமா என்று நானே யோசித்துத்தான் தேடிப் படித்தேன். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் இதையே ஆராய்ந்திருக்கிறார். ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று குடியிருப்புத் தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் இருப்பவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்களும் 6.3 அறிமுகமானவர்களும் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் அது 0.9 நண்பர், 3.1 அறிமுகம் என்று இறங்கியிருந்தது. ‘என் இடம்’ என்று எதைக் கருதுகிறீர்கள் என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கவும் சொன்னார். முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாகக் குறித்தார்கள். மூன்றாவது தெருக்காரர்களின் கோடு அவரவர் வீட்டுக்குள்ளேயே சுருங்கிப் போனது.

தன் வாசற்படியோடு தன் இடம் முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர், எதிர்வீட்டுச் சந்துக்குள் ஒருவன் நுழைந்தால் ஏன் எட்டிப் பார்க்கப் போகிறார்? அந்த வரைபடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருவின் மூடிய ஜன்னல்கள் நினைவுக்கு வருகின்றன. தெருப் பக்கம் திறந்தால் இரைச்சலும் தூசியும் என்று நாங்கள் எல்லோருமே பின்பக்க அறைகளில் வாழப் பழகியிருந்தோம். ஆப்பிள்யார்ட் 1982-இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த ஒரு கார் மோதி இறந்துபோனார். இதைப் படித்த இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் தெருவுக்கு இத்தனை வண்டிகள் எங்கிருந்து வந்தன? இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் தெரு இது. பெரிய சாலைச் சந்திப்பில் சிக்னலுக்குக் காத்திருக்க விரும்பாதவர்களுக்குக் கைபேசி வரைபடம் எங்கள் தெருவைக் குறுக்குவழியாகக் காட்டத் தொடங்கியது. பெரிய ஊர்களைச் சுற்றியுள்ள புறநகர்களில் பலவற்றுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து லியோனியா என்ற சிற்றூர், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போகும் வண்டிகள் இப்படி ஊருக்குள் புகுவதைத் தாங்க முடியாமல், 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களை நெரிசல் நேரங்களில் வெளியாருக்கு மூடியது. அதே ஆண்டு நீதிமன்றம் அதைச் செல்லாதென்று சொல்லிவிட்டது. பொதுத் தெரு எல்லோருக்கும் உரியது என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. யாரும் வரலாம், மெதுவாக வர வேண்டும்.

எவ்வளவு வேகம் என்று தெரியாமல் புகார் எழுதக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை காலை அளவெடுக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு, துணைக்கு வந்தான். டேப்பால் 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டோம். முதல் கோட்டை வண்டி தொடும்போது அவன் கைபேசியில் நேரத்தை ஓட விடுவான். இரண்டாம் கோட்டில் நிறுத்துவான். கணக்கு எளிது. 6 நொடி எடுத்துக்கொண்டால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், 3.6 நொடி என்றால் 50. முதல் பத்து வண்டிகளில் இரண்டுதான் 6 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டன. பிறகு ஒரு வெள்ளைக் கார் வந்தது. 3.1 நொடி. அவன் நோட்டில் எழுதிவிட்டு, பெருக்கி வகுத்து, “58” என்றான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அவன் தங்கை இந்தத் தெருவில்தான் சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள்.

30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று பலரும் கேட்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-இல் வரும் வண்டி அந்த ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடிவிடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் சுமார் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். 50-இல் வரும் வண்டி அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அதாவது, முதல் வண்டி நின்றே போய்விட்ட இடத்தில், இரண்டாவது வண்டி வேகம் சிறிதும் குறையாமல் வந்து மோதுகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு கவனமானவர்களாக, ஒரே அளவு நல்லவர்களாக இருந்தாலும் இதுதான் நடக்கும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் அறிவித்தார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-இலேயே, முதன்மைச் சாலைகளைத் தவிர ஊர் முழுவதும் அதைக் கொண்டுவந்துவிட்டது.

கூட்டத்தில் கேட்ட மற்ற யோசனைகளையும் நான் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். ரோந்து வண்டி அடிக்கடி சுற்றினால் திருட்டு குறையும் என்பதை அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி காவல்துறை 1972–73-இல் சோதித்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு, ஐந்தில் அழைத்தால் மட்டும் வருவது என்று ஓராண்டு நடத்தினார்கள். குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கேமரா, வண்டி நிறுத்தும் இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. குடியிருப்புத் தெருக்களில் அவ்வளவு பலன் தெரியவில்லை. தெருவிளக்கு விஷயம்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விளக்கைச் சீர்ப்படுத்திய பல இடங்களில் இரவுக் குற்றத்தோடு பகல் குற்றமும் குறைந்திருக்கிறது. பகலில் விளக்கு எரிவதில்லையே! இந்த இடத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று அங்கே வசிப்பவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் அது உணர்த்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. எங்கள் தெருவில் அணைந்துகிடந்த மூன்று விளக்குகளுக்கு அன்றே மனு எழுதினேன்.

கேட் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக எதிர்த்தேன். இன்றும் எதிர்க்கிறேன். 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு நகரில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். கையில் ஆயுதம் ஏதும் இல்லை. அது கேட் போட்ட குடியிருப்பு. தந்தையோடு அங்கே ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தான். அவனைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்து சுட்டவர் அந்தக் குடியிருப்பின் காவல் குழுவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். கேட்டும் இருந்தது, காவல் குழுவும் இருந்தது. உள்ளே வந்திருப்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம்தான் இல்லை. எங்கள் கூட்டத்திலும் ஒருவர், “தெரியாத முகம் யாரைப் பார்த்தாலும் படம் பிடித்துப் போலீசுக்கு அனுப்புங்கள்” என்றார். என் வீட்டுக்கு வரும் தம்பி மகனையும் ஒருநாள் யாராவது அப்படிப் படம் பிடிப்பார்கள். நம் அச்சத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் ஏழைகளும் அயலூர்க்காரர்களும்தான். பெரியவரின் கேள்வி ஒருவரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்பது. நல்லெண்ணத்தோடு வந்தவருக்கு அது உதவி. கெட்ட எண்ணத்தோடு வந்தவன், தன் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டார் என்று திரும்பிப் போய்விடுவான்.

ஆறாவது வாரம், அக்காவின் வீட்டில் அதே சமையலறை ஜன்னலில் மறுபடியும் நெம்பிய தடம் இருந்தது. இந்தமுறை உள்ளே வர முடியவில்லை, கம்பி போட்டிருந்தார்கள். ஆனால் அக்கா அன்று அழுத அழுகை எனக்கு மறக்காது. “ஒருமுறை வந்தவன் மறுபடி ஏன் வருவான் என்று தைரியமாக இருந்தேனே” என்றார். எங்கள் எல்லோருக்கும் அந்த நினைப்புதான் இருந்தது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பு அதற்கு நேர்மாறானதைக் கண்டுபிடித்துக் காட்டியது. சுமார் 2,280 வீடுகள். 1980களின் நடுவில் அங்கே திருட்டு மிக மோசமாக இருந்தது. ஆராய்ந்து பார்த்தால், ஒருமுறை திருடு போன வீட்டுக்குத்தான் மறுபடி திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம். உள்ளே போகும் வழி தெரியும், என்ன இருக்கிறது என்று தெரியும், போன பொருளுக்குப் பதில் புதிது வாங்கியிருப்பார்கள் என்றும் தெரியும். ஆகவே, இருக்கும் பலத்தையெல்லாம் திருடு போன வீடுகளின்மீதே குவித்தார்கள். பூட்டுகளை மாற்றினார்கள். காசு போட்டு எரிவாயு, மின்சாரம் பெறும் மீட்டர்களில் சேர்ந்திருக்கும் பணம் திருடர்களை இழுத்ததால் அவற்றை அகற்றினார்கள். சுற்றியுள்ள ஆறு வீட்டுக்காரர்களிடம் பேசி, அந்த வீட்டின்மீது ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆறு வீடு! எட்டுக் கேமராவுக்கு வசூல் செய்யப் புறப்பட்ட நாங்கள், அக்கா வீட்டைச் சுற்றியிருக்கும் ஆறு வீட்டுக்காரர்களை அதுவரை ஒன்றாக உட்கார வைத்ததில்லை. அன்றிரவே உட்கார்ந்தோம். ஒருவருக்கொருவர் கைபேசி எண்கூடத் தெரியாது. பின்வீட்டுக்காரர் இரவு வேலை முடித்து வந்து பகலில் வீட்டில் இருப்பவர். அவர் மாடியிலிருந்து பார்த்தால் அந்தச் சமையலறை ஜன்னல் நேராகத் தெரியும். நான்கு ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், அக்காவுக்கு அவர் பெயர் தெரியாது. அந்த இரவுதான் தெரிந்துகொண்டார்.

தெருமுனைக்கும் அதே வாரம் ஒரு வழி பிறந்தது. எங்கள் நோட்டையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு சாலைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தோம். வேகத்தடை போடுங்கள் என்றுதான் கேட்கப் போனோம். அவர் இடத்தை வந்து பார்த்துவிட்டு, முதலில் மூலையைச் சரிசெய்ய வேண்டும் என்றார். மூலை அகலமாக வளைந்திருந்தால் வண்டி வேகத்தைக் குறைக்காமலே திரும்ப முடியும். வளைவைக் குறுக்கினால் ஓட்டுநர் தானாகவே மெதுவாகத் திரும்ப வேண்டியிருக்கும், நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் குறையும் என்று தரையில் காலால் கோடு கிழித்துக் காட்டினார். வேகத்தடை பற்றியும் சொன்னார். குறுகலாகவும் செங்குத்தாகவும் மேடு கட்டினால் முதுகெலும்புக்குக் கேடு, ஆம்புலன்சுக்குத் தடை. அதைத் தாண்டியதும் எல்லோரும் வேகமெடுப்பார்கள். 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் வடிவமைத்த மேடு 10 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமும் கொண்டது. மெதுவாகப் போகிறவருக்கு உறுத்தாது, வேகமாகப் போகிறவரைத் தூக்கிப்போடும். அப்படிப்பட்ட மேடுகள் சீரான இடைவெளியில் இருந்தால்தான் பயன் என்றார். பத்து நிமிடம் நின்று பேசிய அவரிடம், அதுவரை தெரியாத எவ்வளவோ கற்றுக்கொண்டேன்.

மூலை குறுக்கப்பட்டது. மேடுகளுக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று விளக்குகளில் இரண்டு எரிகின்றன. தொப்பிக்காரன் இதுவரை பிடிபடவில்லை. அக்காவின் பொருள்களும் திரும்பி வரவில்லை.

புதிய மூலையில் சாக்பீஸ் கோடு போட்டு மறுபடி அளந்தபோது, பத்தில் ஏழு வண்டிகள் 6 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டன. பையன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோய்ப் பெரியவரின் மருமகளிடம் காட்டியிருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வரும்போது சுவரின் மூலையில் இரண்டு புதுச் செங்கல்கள் இருந்தன, பூச்சு இன்னும் காயவில்லை.

சென்ற புதன்கிழமை மாலை, பார்சல் கொண்டுவந்த இளைஞர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, கைபேசியைப் பார்ப்பதும் வீட்டு எண்களைப் பார்ப்பதுமாக நின்றார். கட்டைச்சுவரிலிருந்து குரல் வந்தது.

“யாரைத் தேடுகிறீர்கள், தம்பி?”

இளைஞர் அக்காவின் பெயரைச் சொன்னார்.

“வலது பக்கம் ஐந்தாவது வீடு. மணி இருக்காது, கழற்றிவிட்டார்கள். கதவைத் தட்டிவிட்டு, பார்சல் என்று குரல் கொடுங்கள். கொஞ்சம் பொறுத்துத்தான் திறப்பார்கள், அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள்.”

அவர் சொன்னபடியே அந்த இளைஞர் தட்டிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளிக் காத்து நின்றார். கதவு திறந்தது.